கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் தள்ளிப்போன மாதவிலக்கு: டர்பனில் ஒரு நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 38 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், மூத்த சகோதரியுடன் மருத்துவரைப் பார்க்க வருகிறார். அன்று மாதவிலக்கின் ஆறாம் நாள். உதிரப்போக்கு குறையவில்லை, கட்டிகள் விழுகின்றன, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “ரெண்டு ஊசி போட்டேன், ரெண்டு தடவையும் தள்ளிப்போச்சு, ரெண்டு தடவையும் அதிகமாப் போச்சு.” பக்கத்தில் இருந்த அக்கா சேர்த்துச் சொன்னது: “ஊசிதான் டாக்டர், எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க.”

இது ஒரே ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. இத்தகைய புகாரோடு வருபவர்களிடம் வழக்கமாகக் காணும் விவரங்களைப் பொருத்தி, பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. நோயாளியின் தேதிகளும் பரிசோதனை எண்களும் அந்த மாதிரிக்கு உரியவை. ஆய்வுகளின் எண்கள் வெளியானபடியே தரப்பட்டுள்ளன.

அவர் சொன்ன வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. “ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று அனுப்பிவிட்டால் அவர் சொன்ன உண்மையை மறுத்ததாகும். “ஊசியால்தான், தானாகச் சரியாகிவிடும்” என்று அனுப்பிவிட்டால் உள்ளே இருக்கும் வேறொரு நோய் தப்பிவிடும். இந்த இரண்டு தவறுகளும் அந்த ஆண்டில் ஏராளமாக நடந்தன.

தேதிகள்

முதலில் காகிதமும் நாட்காட்டியும். மாதவிலக்கின் சுழற்சியை உதிரம் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள்வரை எண்ண வேண்டும். பலர் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இன்னும் பலர் “போன மாசம் 26, இந்த மாசமும் 26 வரணும்” என்று தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அந்தக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் “முன்னாடியே” வந்ததுபோல் தோன்றும்.

கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததிலிருந்து கிடைத்த தொடக்க நாட்கள் இவை:

மே 29
ஜூன் 26: 28 நாள்
ஜூலை 25: 29 நாள்
ஆகஸ்ட் 27: 33 நாள்
செப்டம்பர் 29: 33 நாள்

ஃபைசர் முதல் ஊசி ஆகஸ்ட் 2. இரண்டாவது செப்டம்பர் 13. தென்னாப்பிரிக்காவில் அப்போது இரண்டுக்கும் இடையே 42 நாள் இடைவெளி வைக்கப்பட்டது. 21 நாளாகக் குறைத்தது 2022 பிப்ரவரியில்தான். இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

வெறும் தேதி போதாது. ஊசி போட்ட நாள் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று எண்ண வேண்டும். ஜூலை 25 முதல் நாள் என்றால் ஆகஸ்ட் 2 ஒன்பதாம் நாள், அதாவது கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய பகுதி. ஆகஸ்ட் 27 முதல் நாள் என்றால் செப்டம்பர் 13 பதினெட்டாம் நாள், பெரும்பாலும் கருமுட்டை வெளிவந்துவிட்ட பிறகு. இரண்டு ஊசிகளும் சுழற்சியின் வெவ்வேறு பாதியில் விழுந்திருக்கின்றன. விளைவு மட்டும் இரண்டிலும் அச்சாக 33 நாள். அந்த ஒற்றுமையே சந்தேகத்தைக் கிளப்பியது.

கேட்காமல் விட்டால் கிடைக்காத பதில்

“வேறு ஏதாவது மாத்திரை எடுத்தீர்களா?” என்று கேட்டபோது “இல்லை” என்றார். சிகிச்சைக்கு எடுப்பதுதான் மாத்திரை என்பது பலருடைய எண்ணம். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது: “புரட்டாசிப் பூஜைக்கு எப்படிச் சமாளித்தீர்கள்?”

2021இல் புரட்டாசி செப்டம்பர் 17 அன்று பிறந்தது. டர்பன், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுவதும் புலால் தவிர்த்துச் சனிக்கிழமைப் பூஜை செய்வது வழக்கம். இவர் வீட்டில் செப்டம்பர் 25 சனிக்கிழமை பூஜை. மாதவிலக்கு வரவேண்டியதும் ஏறக்குறைய அதே நாள். வீட்டு மூத்த பெண்கள் “தூரம்” என்று சொல்லும் அந்த நாட்களில் பூஜையறைக்குள் போகக் கூடாது என்பதால், மாதவிலக்கைத் தள்ளிப்போட, தெரிந்த ஒருவரிடம் வாங்கிய நார்எதிஸ்டிரோன் என்ற 5 மில்லிகிராம் ஹார்மோன் மாத்திரையைத் தினம் மூன்று வேளை, செப்டம்பர் 21 முதல் 26 இரவுவரை விழுங்கியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் உதிரம் வருவது அதன் இயல்பு. செப்டம்பர் 29 அன்று வந்தது.

ஆகவே இரண்டாவது தாமதத்துக்கு ஊசியைத் தேட வேண்டியதில்லை. தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் விழா, புரட்டாசி என்று விரதக் காலங்களில் வரும் எந்த மாதவிலக்குப் புகாருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். குறைகூறும் தொனியில் கேட்டால் பதில் வராது. அந்தப் பெண் தன் வீட்டாருக்காகவும் தெய்வத்துக்காகவும் செய்த காரியம் அது, அந்த மரியாதையோடு கேட்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லி வாங்கினால் ரத்தக் கட்டி வரலாறு, கல்லீரல் நோய், தாய்ப்பால் ஆகியவற்றை விசாரித்துவிட்டுத் தருவார்கள். அந்த விசாரணை இல்லாமல் கைமாறும்போதுதான் ஆபத்து.

ஊசிபோட்டுக் கருத்தடை செய்துகொள்கிறாரா என்றும் கேட்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவ நிலையங்களில் மூன்று மாத ஊசியும் இரண்டு மாத ஊசியும் மிகப் பரவலானவை. இரண்டுமே ஒழுங்கற்ற உதிரப்போக்கு தரும். இவர் எடுக்கவில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. தள்ளிப்போன மாதவிலக்கு என்று யார் வந்தாலும், எந்தக் காரணம் சொன்னாலும், இந்தப் பரிசோதனையைத் தாண்டி ஒரு அடியும் வைக்கக் கூடாது. ஊசியைக் காரணம் காட்டிக் கருக்குழாய்க் கர்ப்பத்தைத் தவறவிட்டால் உயிர் போகும்.

முதல் தாமதம்

இங்கே ஊசிக்கு உண்மையான இடம் உண்டு. மாதவிலக்குச் சுழற்சியில் நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் முதல் பாதி. கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த உதிரம் வர ஏறக்குறைய இரு வாரம், அது அதிகம் மாறாது. முதல் பாதியில் மூளையின் ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் சூலகத்துக்குத் தரும் சமிக்ஞை, உடல் ஏதாவது ஒன்றோடு போராடும்போது சற்றுத் தயங்கும். காய்ச்சலும் பெரும் கவலையும் பட்டினியும் அதைச் செய்யும். தடுப்பூசி எழுப்பும் நோயெதிர்ப்பு வினையில் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற வேதிப்பொருட்களும் அப்படிச் செய்யக்கூடும் என்பதே இப்போதுள்ள சிறந்த விளக்கம். கருமுட்டை மூன்று நாள் தாமதமானால் மாதவிலக்கும் மூன்று நாள் தாமதமாகும்.

எண்கள் இதற்கு ஒத்துப்போகின்றன. 2022 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வு, சுழற்சியைச் செயலியில் பதிந்துவந்த 3,959 பேரைப் பார்த்தது. முதல் ஊசி போட்ட சுழற்சி சராசரியாக 0.71 நாள் நீண்டது. உதிரம் போகும் நாட்களின் எண்ணிக்கை மாறவில்லை. அதே குழு 2022 செப்டம்பரில் பல நாடுகளைச் சேர்ந்த 19,622 பேரின் பதிவுகளை வெளியிட்டது. அதிலும் முதல் ஊசிக்கு 0.71 நாள், இரண்டாவதுக்கு 0.56 நாள். ஒரே சுழற்சிக்குள் இரண்டு ஊசியும் விழுந்தவர்களுக்கு மட்டும் 3.7 நாள். எட்டு நாளோ அதற்கு மேலோ மாறியவர்கள் ஊசி போட்டவர்களில் 6.2 விழுக்காடு, போடாதவர்களில் 5 விழுக்காடு. ஊசிக்கு அடுத்த சுழற்சியில் பெரும்பாலும் பழைய நிலை. இன்னொரு அமெரிக்க ஆய்வில், கருமுட்டைக்கு முந்தைய பாதியில் ஊசி போட்டவர்களுக்குச் சுமார் ஒரு நாள் நீண்டது, பிந்தைய பாதியில் போட்டவர்களுக்கு நீளவில்லை.

42 நாள் இடைவெளியில் ஒரே சுழற்சிக்குள் இரண்டு ஊசியும் விழுவது சாதாரண சுழற்சி உள்ளவருக்கு நடக்காது. அந்த 3.7 நாள் கணக்கை 2021இன் தென்னாப்பிரிக்கப் பெண்களுக்குப் பொருத்திப் பேசுவது பிழை.

இவருக்கு வழக்கமாக 28, 29 நாள். ஊசிச் சுழற்சி 33. நான்கைந்து நாள் நீளம் சராசரியைவிட அதிகம்தான். ஆனால் சராசரி என்பது ஒன்றும் மாறாத பலரையும் நிறைய மாறிய சிலரையும் கூட்டி வகுத்தது. ஒன்பதாம் நாளில் ஊசி, மறுநாள் காய்ச்சல், பிறகு தாமதம் என்ற வரிசை ஊசியோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஒரே ஒரு குறுக்கீடு: 2021 ஜூலை. குவாசூலு-நட்டாலில் ஜூலை 9 தொடங்கிப் பத்து நாள்போல நீடித்த கலவரத்தில் கடைகள் எரிந்தன, ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்றது, ஆண்கள் இரவில் தெருக்காவல் இருந்தார்கள். கொரோனாவின் மூன்றாம் அலையும் அதே வாரங்களில். அந்தக் கவலை மாதவிலக்கைத் தள்ளியிருக்காதா? ஜூலை 9 அவருடைய சுழற்சியின் பதினான்காம் நாள், கருமுட்டை வெளிவரும் தறுவாய். அந்தச் சுழற்சி 29 நாளில் ஒழுங்காக முடிந்தது. அதன் தாக்கம் அடுத்த சுழற்சிக்கும் நீண்டிருக்கலாம், முற்றாக விலக்க முடியாது. கோப்பில் எழுதிய முடிவு: “முதல் தாமதம், தடுப்பூசியால் நேர்ந்திருக்க வாய்ப்புண்டு, மன அழுத்தமும் பங்களித்திருக்கலாம்.” அதற்கு மேல் உறுதி காட்டுவது நேர்மையல்ல.

அன்று, 2021 அக்டோபரில், இந்த எண்கள் எவையும் வெளியாகவில்லை. தடுப்பூசிச் சோதனைகளில் மாதவிலக்கை முறையாகக் கேட்டுப் பதியவே இல்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஐந்து கல்வி நிறுவனங்களுக்கு 16.7 லட்சம் டாலர் ஒதுக்கி இதை ஆராயச் சொன்னன. 1913லேயே நியூயார்க்கில் டைஃபாய்டு தடுப்பூசிக்குப் பின் மாதவிலக்கு மாறியதைப் பதிந்த கட்டுரை ஒன்று இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் கேட்காமல் விட்ட கேள்வி இது. அந்த மௌனத்தில்தான் “பிள்ளை பிறக்காது” என்ற வதந்தி வளர்ந்தது. பிள்ளைப்பேற்றுக்கு முயன்ற 2,126 தம்பதியரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி கருத்தரிப்பைக் குறைக்கவில்லை. ஆணுக்கு வந்த கொரோனா தொற்றுதான் சிறிது காலம் குறைத்தது.

அதிக உதிரம்: எண்ணாமல் பேசக் கூடாது

“அதிகமா?” என்று கேட்டால் “எப்பவும் போலத்தான்” என்பார்கள். எப்போதும் அதிகம் போகிறவருக்கு அதுவே இயல்பு. இப்படிக் கேட்க வேண்டும்: இரவில் எழுந்து நாப்கின் மாற்றுகிறீர்களா? இரண்டை ஒன்றாக வைக்கிறீர்களா? மெத்தைமேல் துண்டு விரிக்கிறீர்களா? அந்த நாட்களில் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? மூன்று கேள்விகளுக்கு “ஆமாம்” வந்தது. எவ்வளவு காலமாக? “சின்னவன் பள்ளிக்கூடம் போனதுலேர்ந்து.” மூன்று ஆண்டு. ஊசிக்கு வெகு முன்பே.

பிறகு படக்கணக்கு, அதாவது நாப்கின் எவ்வளவு நனைந்தது என்று படத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுவது. லேசாக நனைந்த நாப்கினுக்கு 1 புள்ளி, பாதி நனைந்ததற்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20. சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. கூட்டி 100ஐத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு. செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 7வரை ஒன்பது நாளில் முழுதும் நனைந்தவை 9, பாதி 8, லேசு 6, பெரிய கட்டி 3, சிறியவை 4. கணக்கு: 180, 40, 6, 15, 4. மொத்தம் 245. நாப்கினின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் இது துல்லியமான அளவு அல்ல. ஒருவரையே மாதாமாதம் ஒப்பிட மிக நல்ல கருவி.

ஊசி உதிரத்தை அதிகமாக்குமா? ஆக்கும், சிலருக்கு. நார்வேயில் 18 முதல் 30 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கத்தைவிட அதிக உதிரம் என்றவர்கள் முதல் ஊசிக்கு முன் 7.6 விழுக்காடு, பின் 13.6 விழுக்காடு. இரண்டாவதுக்கு முன் 8.2, பின் 15.3. ஊசிக்கு முந்தைய சுழற்சியிலேயே ஏதேனும் ஒரு மாதவிலக்குக் கோளாறு 37.8 விழுக்காட்டினருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2022 அக்டோபரில், ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக மாதவிலக்கைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஏறக்குறைய 29 லட்சம் பெண்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்த ஸ்வீடன் ஆய்வோ 2023இல் பலவீனமான, ஒன்றுக்கொன்று ஒத்துவராத தொடர்புகளையே கண்டது. இரண்டும் முரண் அல்ல. வீட்டில் உணரும் மாற்றம் வேறு, மருத்துவமனைக்கு வரவைக்கும் மாற்றம் வேறு.

39,000 பேரிடம் நடந்த இணையக் கணிப்பில் ஒழுங்கான சுழற்சி உள்ளவர்களில் 42 விழுக்காட்டினர் அதிக உதிரம் என்றதை வைத்து “பாதிப் பெண்களுக்கு” என்று பரப்பினார்கள். மாற்றம் கண்டவர்களே அதிகம் வந்து நிரப்பும் கணிப்பு அது. அதை நடத்தியவர்களே அதை நிகழ்வு விகிதமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

ரத்தம் சொன்னது

ஹீமோகுளோபின் 9.4, அதாவது ரத்தசோகை. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 70, எண்ணிக்கை 4.2. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 398. தைராய்டு இயல்பு.

தட்டணுக்களை முதலில் பார்க்க வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கொரோனா ஊசிக்குப் பின் மிக அரிதாகத் தட்டணு குறைந்து ரத்தம் உறையும் நோய் வந்தது. அதனால்தான் தென்னாப்பிரிக்கச் சுகாதாரப் பணியாளர்களுக்கு அந்த ஊசியைப் போட்ட சிசோன்கே திட்டம் 2021 ஏப்ரலில் இரண்டு வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் அதிக உதிரத்தோடு கடும் தலைவலி, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், காயமில்லாத கன்றல், ஈறில் ரத்தம், வயிற்றுவலி, ஒரு கால் வீக்கம் இருந்தால் அன்றே தட்டணு எண்ண வேண்டும். 150க்குக் கீழே இருந்தால் வலிநிவாரணியான ஐபுப்ரொஃபென் கூடாது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு 398. இரும்புச் சத்துக் குறைவில் தட்டணு ஏறியிருப்பதும் உண்டு.

இந்த நிகழ்வின் முடிச்சை அவிழ்த்தது அந்த 70 என்ற எண். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அணுக்கள் இவ்வளவு சிறுத்திருக்க வேண்டுமென்றால், இரும்பு தீர்ந்து பல மாதம் ஆகியிருக்க வேண்டும். முதல் ஊசி போட்டு ஒன்பது வாரம்தான். ஆகவே ரத்தசோகை ஊசிக்கு முந்தியது. இந்திய வம்சாவளியினரிடம் பிறவியிலேயே அணு சிறுத்திருக்கும் தலசீமியாக் கூறும் உண்டு. பருமனை எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழ் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இங்கே 16.7. ஃபெரிட்டினும் 7. இரும்புக் குறைவேதான். தலசீமியாச் சோதனை வேண்டுமென்றால் இரும்பு நிரம்பிய பிறகே செய்ய வேண்டும், முன்பே செய்தால் முடிவு ஏமாற்றும்.

உதிரம் நின்றதும், அக்டோபர் 8 அன்று, பிறப்புறுப்பு வழி ஸ்கேன். கருப்பை உட்சுவர் மெல்லியதாக இருக்கும் இந்த நாட்களில்தான் உள்ளே துருத்துபவை தெளிவாகத் தெரியும். இரண்டு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு (புற்றுநோயல்லாத தசைக்கட்டி) ஒன்று, பாதிக்கு மேல் கருப்பைக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டாக இரண்டு நாப்கின் வைக்கச் செய்தது அதுதான். நார்எதிஸ்டிரோன் நிறுத்தியபின் வந்த உதிரம் இவ்வளவு கொட்டியதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

செய்தது

உதிரத்தைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், தினம் மூன்று வேளை, மூன்று நாள். அடுத்த மாதவிலக்கிலிருந்து முதல் நான்கு நாள். ரத்தக் கட்டி வந்தவர்களுக்கு இது கூடாது. வலிக்கு உணவோடு ஐபுப்ரொஃபென் 400 மில்லிகிராம். அது உதிரத்தையும் ஓரளவு குறைக்கும்.

இரும்பு மாத்திரை தினம் ஒன்று, 65 மில்லிகிராம் இரும்பு உள்ளது. இங்கேதான் பலருக்குச் சிகிச்சை தோற்கிறது: மாத்திரையைக் காலைத் தேநீரோடு விழுங்குவார்கள். தேநீரின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேநீருக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் வேண்டும். ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ சேர்த்தால் நல்லது. புரட்டாசி விரதத்தை விடச் சொல்லவில்லை. பருப்பு, பீன்ஸ், கீரை குழம்பில் தக்காளியும் எலுமிச்சையும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னால் போதும். மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஹீமோகுளோபின் இயல்பான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லப்பட்டது.

முதல் தாமதம் தடுப்பூசிக்குப் பிந்தைய நிகழ்வாக மருந்துப் பாதுகாப்புச் செயலியில் பதியப்பட்டது. ஊசி அட்டையிலிருந்து தொகுதி எண், இரு ஊசித் தேதிகள், சுழற்சி நாள், நார்எதிஸ்டிரோன் எடுத்த தேதிகள், ஃபைப்ராய்டு இருப்பது எல்லாமே எழுதப்பட்டன. மாத்திரையை மறைத்து “இரண்டு ஊசிக்கும் இரண்டு தாமதம்” என்று மட்டும் பதிந்திருந்தால், தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் தரவில் ஒரு பொய்த் தடயம் சேர்ந்திருக்கும்.

அக்டோபர் 28 அன்று அடுத்த மாதவிலக்கு: 29 நாள். பிறகு நவம்பர் 26: மீண்டும் 29. சுழற்சி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. உதிரத்தின் அளவு இயல்புக்குத் திரும்பவில்லை. படக்கணக்கில், டிரானெக்சாமிக் அமிலத்தோடு அக்டோபரில் 140, நவம்பரில் 115. ஊசியின் விளைவு மட்டும் என்றிருந்தால் இரண்டும் சேர்ந்தே அடங்கியிருக்க வேண்டும். டிசம்பர் 6இல் ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 22. கருப்பையினுள் கருவி செலுத்தி ஃபைப்ராய்டை அகற்றப் பரிந்துரைக் கடிதம் தரப்பட்டது.

அக்காவின் கேள்வி

உடன் வந்த அக்காவுக்கு 56 வயது, மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டு. போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எனக்கும் ஊசிக்கப்புறம் ரெண்டு நாள் லேசா பட்டுச்சு. அதுவும் ஊசிதானே?”

நார்வேயில் 21,925 பெண்களிடம் நடந்த ஆய்வில், மாதவிலக்கு நின்றவர்களில் 3.3 விழுக்காட்டினர் எதிர்பாராத உதிரத்தைச் சொன்னார்கள். ஊசியால் வரக்கூடும். ஆனால் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயை விலக்கிய பிறகே வேறு காரணத்தைப் பேச வேண்டும். ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட தேதி இந்த விதியை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்காது. தங்கையின் ஸ்கேனுக்கு எழுதிய அதே அக்டோபர் 8ஆம் தேதிக்கு அக்காவுக்கும் சீட்டு எழுதப்பட்டது.